நீலம் காட்டிய இடம்

ருவான்வெல்லைக்கு மேலே ரப்பர் மரங்களுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிற தோட்டப் பாதையில், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, தினமும் ஓடியவை மூன்றே வாகனங்கள். ரப்பர் பால் ஏற்றுகிற டிராக்டர், தோட்டத்தை நடத்துகிற தொரையின் புது வண்டி, அப்புறம் விஜயகலாவின் பழைய ஜீப். தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு லயத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் பதினொரு பேர் அந்த ஜீப்பில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு வீட்டுக்கு அரிசி மூட்டை இருக்கும், இன்னொரு வீட்டுக்கு மருந்து இருக்கும். சில நாள் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நோயாளி ஒருவர் தலையணையோடு பின்சீட்டில் சாய்ந்து வருவார்.

விஜயகலாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மெலிந்த உடம்பு, நீளமான விரல்கள். பதினெட்டு வயதிலிருந்து ரப்பர் பால் வெட்டியவள். அந்த ஜீப் அந்தக் காலத்தில் பெரிய தொரையுடையது. வளைவில் அதன் ஹார்ன் கேட்டால், பால் வாளியோடு பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்று வழிவிட வேண்டும். தோட்டம் கம்பெனிக்குக் கைமாறிய பிறகு புது வண்டிகள் வந்தன. இது ஸ்டோர் கொட்டகையில் சக்கரம் இறங்கிக் கிடந்தது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டது. தொண்ணூற்றேழில் அதை டெண்டரில் விட்டபோது தோட்டத்து லொறி டிரைவர் இந்திரகுமார் எடுத்தான். அவன்தான் விஜயகலாவின் புருஷன்.

எட்டு மாதம் அதைப் பிரித்துப் பூட்டினான். அவன் கேட்கிற சாவியை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, எந்த நட்டுக்கு எந்தச் சாவி என்று விஜயகலாவுக்கும் பழகிவிட்டது. வண்டி ஓடத் தொடங்கியதும் ஸ்டோருக்குப் பக்கத்து மைதானத்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தான். லைசன்ஸ் எடுக்க கேகாலைக்குப் போனார்கள். பரீட்சை பார்த்தவர் அவளை மட்டும் இரண்டு தடவை கம்பத்துக்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னார். இரண்டு தடவையும் எடுத்தாள்.

இரண்டாயிரத்து இரண்டில் இந்திரகுமாருக்கு குவைத்தில் டிரைவர் வேலை கிடைத்தது. இரண்டே வருஷம், வந்துவிடுவேன் என்றான். ஜீப்பை விற்றுவிட்டுப் போகச் சொல்லி அவன் வீட்டு ஆட்கள் எல்லாரும் சொன்னார்கள். விஜயகலா மட்டும், தானே ஓட்டிக்கொள்வதாகச் சொன்னாள். பிள்ளைகளை ஏற்றுகிற ஓட்டத்தைத் தொடங்கியதும் அப்போதுதான். கிளம்புவதற்கு முந்தின வாரம் அவன் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் ஜீப்பைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் எழுதி வைத்தான். எண்ணெய் எப்போது மாற்றுவது, பெல்ட் கத்தினால் என்ன செய்வது, கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை ஏன் தொடக் கூடாது. கிறுக்கலான எழுத்துதான், ஆனால் ஒன்றும் விடாமல் எழுதியிருந்தான். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

இரண்டு வருஷம் நாலு வருஷமானது. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்கு மத்தியானம் கூப்பிடுவான். ஸ்டோர் மேட்டுக்குப் போனால்தான் கைபேசி எடுக்கும். அவள் மேட்டில் நிற்பாள், அவன் பேசுவான். மகள் தர்ஷிகாவின் படிப்பைக் கேட்பான். பிறகு தவறாமல், ஜீப் எப்படி என்று கேட்பான்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளோடு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது சூடு காட்டுகிற முள் நகர்வதை அவள் பார்த்தாள். மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் முள் சிவப்பில் போய் நின்றது. பொனட்டின் ஓரத்தில் ஆவி. வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தாள். இன்னும் அரை மைல்தான். பெரிய பிள்ளைகளோடு சின்னதுகளை நடத்தி அனுப்பிவிட்டு, மேட்டில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். சூடு தணிந்த பிறகு சாக்கை மடித்துப் பிடித்து மூடியைத் திறந்தாள். ஓடையில் பிடித்த தண்ணீர் ஒன்றரைப் போத்தல் உள்ளே போனது.

அன்றிலிருந்து அதே கதைதான். ராத்திரிக்கு நிரப்பி வைத்தால் காலையில் நிரம்பித்தான் இருக்கும். ஒரு நடை போய் வந்தால் அரைப் போத்தல் குறைந்திருக்கும். ஓட்டை இருந்தால் சொட்ட வேண்டுமே என்று வண்டிக்கடியில் பெட்டி அட்டையை விரித்து வைத்தாள். அட்டை காய்ந்தே கிடந்தது. மழைக்கால ஈரத்தில் அட்டைப் பூச்சிதான் அதில் ஏறி நின்றது.

வியாழக்கிழமை பஜாரில் ஒரு கராஜில் காட்டினாள். அங்கே வேலை செய்த சிங்கள மெக்கானிக் பாஸ் என்ஜினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டார்.

"ஹெட் எக கலவன்ன ஓன, அக்கே" என்றார். என்ஜினின் தலையையே கழற்ற வேண்டுமாம். கழற்றி, கொழும்புக்கு அனுப்பித் தேய்த்து வாங்கி, திரும்பப் பூட்ட எப்படியும் இரண்டு கிழமை, பதினாலு நாளாகும் என்றார். சொட்டாமல் தண்ணீர் குறைந்தால் வேறென்ன காரணம் இருக்க முடியும் என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

 யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு கிழமை பிள்ளைகள் மழையில் நடப்பதும், அதற்குள் வேறொரு வேன்காரன் அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொள்வதும் வழியெல்லாம் அவள் கண் முன்னால் ஓடின. அதைவிட இன்னொன்று உறுத்தியது. இரண்டு நிமிஷத்தில் அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது?

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜீப் எப்படி என்று புருஷன் கேட்டான்.

"ஓடுதுங்க" என்றாள்.

மேட்டிலிருந்து இறங்கி வந்ததும் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு பொனட்டைத் திறந்தாள். ஹெட் கெட்டால் என்னென்ன தெரியும் என்று அவன் ஒரு பக்கம் எழுதியிருந்தான். எண்ணெய் பால் தேத்தண்ணி மாதிரி கலங்கும். என்ஜின் ஆறியிருக்கிறபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால் குமிழி குமிழியாக வரும். புகை வெள்ளையாகப் போகும். எண்ணெயைத் தொட்டுப் பார்த்தாள், கறுப்பாக இருந்தது. ரேடியேட்டரை ஐந்து நிமிஷம் குனிந்து பார்த்தாள், குமிழி இல்லை. புகையும் வழக்கமான புகைதான்.

அப்படியானால் தண்ணீர் வெளியேதான் போகிறது. ஆனால் கீழே வந்து சேரவில்லை. ரொட்டிக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தெளிக்கிற தண்ணீர் கல்லில் பட்டதும் காணாமல் போகும். அந்த மாதிரி, கொதிக்கிற இரும்பில் விழுந்து அங்கேயே ஆவியாகிறதோ என்று அவளுக்குத் தோன்றியது. தண்ணீருக்கு நிறமில்லையே, போன பிறகு அதை எங்கே என்று தேடுவது?

சாயங்காலம் தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் தர்ஷிகாவின் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வழி கிடைத்தது. வாளியிலிருந்து சிந்திய தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் கல்லில் நீலம் படிந்திருந்தது. தண்ணீர் போனாலும் நீலம் போகவில்லை. சட்டையை அப்படியே வாளியில் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை காலையில் அரைக் கரண்டி நீலத்தைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினாள். தனியாக மேல் மலை கோயில் வரைக்கும் ஏறி இறங்கினாள். முள் சிவப்புக்குப் போகுமுன் திரும்பிவிட்டாள். வாசலில் நிறுத்தி, பொனட்டைத் திறந்து ஆறவிட்டாள். அதற்குள் சுகந்தினி வெட்டிய ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் இந்திரகுமாரின் தங்கை, லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பரா. விஜயகலா செய்வது எதையும் முதலில் வேண்டாம் என்பாள், பிறகு கூட நிற்பாள்.

"வேணாம் அண்ணி, அண்ணன் வந்து பாக்கட்டும்" என்றாள் அன்றைக்கும்.

"அண்ணன் வர்ற வரைக்கும் புள்ளைங்க நடக்குமா? இந்தக் கண்ணாடியப் புடி."

அது தலை சீவுகிற சின்னக் கண்ணாடி. என்ஜினுக்குப் பின்பக்கம் கண்ணால் பார்க்க முடியாது. சுகந்தினி கண்ணாடியை உள்ளே சாய்த்துப் பிடித்தாள். விஜயகலா டோர்ச் அடித்தாள். முதலில் தூசும் கிரீசும்தான் தெரிந்தன. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் கீழே சாய்க்கச் சொன்னாள். என்ஜினுக்கும் டிரைவர் உட்காருகிற இடத்துக்கும் நடுவில் ஓடுகிற ஒரு இரும்புக் குழாயிலிருந்து புகைக்குழாய் வரைக்கும் ஒரு கோடு இறங்கியிருந்தது. நல்ல நீலக் கோடு.

"ஐயோ அண்ணி" என்று சுகந்தினி மெதுவாகச் சொன்னாள். "சட்டைக்குப் போட்ட மாதிரியே இருக்கு."

அது ஹீட்டருக்குப் போகிற குழாய். குளிர் நாட்டுக்காரர்களுக்காக, என்ஜினின் சுடுதண்ணீரை வண்டிக்குள் கொண்டுவந்து கால் சூடேற்ற வைத்தது. கேகாலைப் பக்கத்துப் புழுக்கத்தில் அதைத் திருப்பிப் பார்த்தவர்கள் கிடையாது. ஆனாலும் தண்ணீர் இத்தனை வருஷமாக அந்தக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து நீலத் தண்ணீரைப் பேசினில் பிடித்தாள். நாய் வாய் வைக்காமல் பேசினை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். என்ஜினுக்குக் காற்றை வடிகட்டுகிற பெட்டியைக் கழற்றியதும் கை நுழைய இடம் கிடைத்தது. ஹோஸ் கிளிப்புகளில் ஒன்று சுலபமாக வந்தது. மற்றது துருப்பிடித்து அசையவில்லை. பலம் போட்டால் உடைந்து வேறு வேலை வைக்கும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அதன்மேல் சுற்றிவிட்டு, சமைத்து, சாப்பிட்டு, மழை விட்ட பிறகு வந்தாள். இரண்டாவது தரம் திருகியபோது கிளிப் கிர்ரென்று சுழன்றது.

குழாய் கையோடு வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

குழாயின் நடுவில் ஒரு முட்டை அளவுக்குப் பசை அப்பியிருந்தது. இரும்பு ஒட்டுகிற பசை, கல்லாக இறுகியிருந்தது. மேலே கறுப்புப் பெயின்ட். பெயின்ட் உரிந்த இடத்தில், பச்சையாக இருக்கும்போது அழுத்திய பெருவிரலின் ரேகை அப்படியே பதிந்திருந்தது. புது ஓட்டை அதற்குப் பக்கத்தில், பசையின் ஓரத்தைத் துரு தின்ற இடத்தில் இருந்தது. தொண்ணூற்றேழிலிருந்து இந்த என்ஜினைத் தொட்டது ஒரே ஒரு ஆள்தான்.

கொப்பியை எடுத்து வந்து பக்கம் பக்கமாகப் பார்த்தாள். குழாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சுகந்தினி எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணன் ஏதோ அவசரத்தில் மறந்திருப்பான் என்றாள். விஜயகலா கொப்பியை மூடினாள். குழாயைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஜாரில் கபூர் நானாவின் வண்டிச் சாமான் கடை பூட்டுகிற நேரம். குழாயைத் தட்டிப் பார்த்தார். உள்ளிருந்து துருத்தூள் பேப்பரில் கொட்டியது. வெறும் தண்ணீரையே ஊற்றி ஊற்றித்தான் இரும்பு இப்படித் தின்றுபோயிருக்கிறது, இனிமேல் கூலண்ட் கலந்து ஊற்ற வேண்டும் என்றார். இந்தக் குழாய் இப்போது எங்கும் கிடைக்காது என்றும் சொன்னார்.

"இந்த ஊர்ல ஹீட்டர் என்னத்துக்கு தங்கச்சி?"

"அதத்தான் நானா எடுக்கப் போறேன். என்ஜின்ல தண்ணி வெளிய வர்ற வாயையும் திரும்பப் போற வாயையும் ஒரே ஹோஸால சேத்துட்டா, ஹீட்டருக்குப் போகாம சுத்தி வந்துரும்ல?"

கபூர் நானா அவளைக் கொஞ்சம் பார்த்தார். "எந்த பாஸ் செல்லித் தந்த?"

யாரும் சொல்லவில்லை என்றாள். அவர் உள்ளே போய், சூடு தாங்குகிற தடித்த ஹோஸ் எடுத்து வந்தார். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை மாட்டினால் இரண்டு நாளில் வெடித்துவிடும் என்று எச்சரித்தார். அவள் நூலால் அளந்து கொண்டுவந்ததைவிட ஒரு சாண் கூடுதலாகவே வெட்டச் சொன்னார். அது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. அளந்ததே போதும் என்று சொல்லிவிட்டாள். அவர் இரண்டு அளவும் வெட்டிச் சுருட்டி, தேவைப்படாவிட்டால் கொண்டுவந்து தரச் சொல்லிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வாயையும் உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கினாள். தேய்க்கத் தேய்க்க நேற்றைய கோபம் ஏறி ஏறி வந்தது. பதினொரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டியிருக்கிறாள், ஒட்டுப்போட்ட குழாய் என்று தெரியாமல். சொல்லியிருந்தால் என்ன?

அளந்த ஹோஸை மாட்டி, கிளிப்பை இறுக்கி, கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் கூலண்ட் கலந்து நிரப்பினாள். என்ஜின் சூடேறியதும் ஹோஸ் இளகி, வளைவில் மடிந்து நசுங்கியது. அப்படியே விட்டால் தண்ணீர் சுற்றாது. கபூர் நானா ஏன் ஒரு சாண் கூட்டினார் என்று அப்போது விளங்கியது. நிறுத்தி, ஆறவைத்து, மறுபடி வடித்து, நீளமான ஹோஸை மாட்டினாள். அது மடியாமல், பெரிய வளைவாக உட்கார்ந்தது. புகைக்குழாயில் படாமல் அதைக் கம்பியால் தூக்கிக் கட்டினாள்.

உள்ளே காற்று சிக்கியிருந்தால் மறுபடி கொதிக்கும் என்று கொப்பியில் இருந்தது. ஆகவே வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டாள். க்ளக், க்ளக் என்று காற்று வெளியே வந்தது. தண்ணீர் இறங்க இறங்க ஊற்றினாள். இறங்குவது நின்றதும் மூடினாள்.

சுகந்தினி பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டாள். மேல் மலைப் பாதையில் இரண்டு பேரும் ரோட்டைவிட முள்ளையே அதிகம் பார்த்தார்கள். முள் நடுவுக்கு வந்தது, அங்கேயே நின்றது. கோயிலடியில் இறங்கி, கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் காய்ந்திருந்தது. சுகந்தினி கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டாள். விஜயகலா பம்பரில் சாய்ந்து கையிலிருந்த கிரீசைப் புல்லில் துடைத்தாள். இத்தனை வருஷமும் அந்த வண்டியை அவள் புருஷனுடைய சாமானைப் பார்த்துக்கொள்வது மாதிரித்தான் ஓட்டியிருந்தாள். அன்றைக்கு இறங்கும்போது கியர் மாற்றுவதே கைக்கு வேறு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகள் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டு ஏறினார்கள். வண்டி கெட்டதும் சரியானதும் அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. அந்தக் கிழமை முழுக்க அவள் காலையும் மாலையும், ஆறின ரேடியேட்டரைத் திறந்து பார்த்தாள். நிரப்பின மட்டத்திலேயே தண்ணீர் நின்றது.

வெள்ளிக்கிழமை மேட்டில் நின்றபோது என்ன பேசுவது என்று அவள் மனதில் வரிசையாக இருந்தது. ஜீப் எப்படி என்று அவன் கேட்டான். தண்ணீர் குறைந்ததையும், நீலம் போட்டுக் கண்டுபிடித்ததையும், குழாயை எடுத்துவிட்டு ஹோஸ் மாட்டியதையும் சொன்னாள். 

"அந்தக் குழாயில பசை இருந்திச்சுங்க" என்றாள் கடைசியில்.



"டிக்கட் போட்ட பொறகுதான் பாத்தேன் கலா" என்றான். "சொன்னா நீ ஓட்டப் பயந்துருவ. வீட்ல வித்துரச் சொல்லுவாங்க. ரெண்டு வருஷம் தாங்கும், வந்து மாத்திரலாம்னு இருந்தேன்."

"நீங்க சொல்லிருந்தா நான் பயந்துருக்க மாட்டேன். அதுல ஒரு கண்ணு வச்சிருந்துருப்பேன்."

அதற்கு மேலும் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. பதினொரு பிள்ளைகளைச் சொல்ல இருந்தாள், மூன்றாவது வளைவைச் சொல்ல இருந்தாள். ஆனால் போன வெள்ளிக்கிழமை அதே மேட்டில் அதே இடத்தில் நின்று "ஓடுதுங்க" என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் தூரத்தில் கிடந்து கவலைப்படுவானே என்றுதான் சொன்னாள். அவனும் அதே மாதிரித்தான் செய்திருக்கிறான். கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் பாதி அவள் பக்கமே திரும்பிவிட்டது.

"நானும் போன கெழம ஒங்கக்கிட்ட மறச்சேன்" என்றாள். "இனிமே ரெண்டு பேரும் மறைக்க வேணாம்."

அவன் சரி என்றான். பிறகு, ஹோஸ் நசுங்காமல் எப்படி வளைத்தாய் என்று கேட்டான். அவன் என்ஜினைப் பற்றி அவளிடம் ஒன்று கேட்பது அதுதான் முதல் தடவை. அவள் விளக்கமாகச் சொன்னாள். போன் கார்டு முடியும் வரைக்கும் பேசினார்கள். அடுத்த வெள்ளியிலிருந்து அவனும் சொல்லத் தொடங்கினான். முதுகு வலி இருப்பதையும், முதலாளி மாறியதையும், ஒரு மாதம் சம்பளம் பிந்தியதையும் அப்படித்தான் அவள் அறிந்தாள்.

பாஸ் சொன்னதை மறுத்து அவள் யாரிடமும் பெருமை பேசவில்லை. ஆனால் சுகந்தினி பேசினாள். இரண்டு மாதத்துக்குள் டிராக்டர் டிரைவர் ஒருநாள் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, தன் வண்டியிலும் தண்ணீர் குறைகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டான். அவள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாயிரத்து எட்டு சித்திரையில் இந்திரகுமார் ஒரேயடியாக வந்து சேர்ந்தான். அவனைக் கூட்டிவர விஜயகலாவும் தர்ஷிகாவும் விடியற்காலையில் கிளம்பி ஜீப்பிலேயே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார்கள். யுத்த காலம், வழியில் நாலு இடத்தில் செக்கிங். ஒவ்வொரு இடத்திலும் ஆமிக்காரர்கள் முதலில் வண்டியைப் பார்த்தார்கள், பிறகு அதை ஓட்டி வந்தவளைப் பார்த்தார்கள். வாசலில் நின்றவனுக்கு முன்பக்க முடி கொட்டியிருந்தது. மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். பெட்டிகளைப் பின்னால் ஏற்றிவிட்டு, பழக்கத்தில் டிரைவர் பக்கம் நடந்து போனான். கதவில் கை வைத்தவன் அங்கேயே நின்று விஜயகலாவைப் பார்த்தான்.  ஓட்டினால் ஓட்டட்டும் என்றுதான் நின்றாள்.

"எனக்குத் தூக்கமா வருது" என்றான். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தான்.

தூங்கவில்லை. அவிசாவளை வரைக்கும் ஜன்னலில் கை போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே வந்தான். ஒரு பஸ்ஸை அவள் முந்தியபோது மட்டும் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தினான்.